அவன் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தான்

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய முதல் பாடவேளை. எட்டாம் வகுப்பு. ஒரு பையன் எழுந்து நின்று செய்யுளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு 'ர' சரியாக வராது, 'ல' மாதிரி விழும். இரண்டாவது அடியில் அப்படி ஒரு இடம் வந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ அதே சொல்லை அதே குரலில் திருப்பிச் சொன்னார்கள். வகுப்பு மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். சத்தமாக இல்லை, உதட்டோரம்தான். பிறகு "சரி சரி, போதும். நீ மேலே படி" என்றேன்.

அவன் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தான். அரை விநாடி இருக்கும். அப்புறம் புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மீதி அடிகளைப் படித்து முடித்தான்.

அந்த ஆண்டு முழுக்க, அவனைப் படிக்கச் சொன்னபோதெல்லாம் "தொண்டை கட்டியிருக்கு டீச்சர்" என்பான். நான் அடுத்த பையனைக் கூப்பிடுவேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

இது நடந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. ஆசிரியர் பயிற்சி நாள் ஒன்றில் மாணவர்களுக்கு இடையிலான கொடுமைகள் பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். அதற்காகப் படிக்கத் தொடங்கினேன். பேச்சு முடிந்த பிறகும் படிப்பதை நிறுத்த முடியவில்லை. ஒவ்வோர் ஆய்வைப் படிக்கும்போதும் அந்த அரை விநாடி நினைவுக்கு வந்தது. இதுவரை இதை எந்த ஆசிரியர் அறையிலும் நான் சொன்னதில்லை.

முதலில் தடுக்கி விழுந்தது சொல்லில்தான். நம்மிடம் கேலி இருக்கிறது, கிண்டல் இருக்கிறது, நையாண்டி, பகடி, சீண்டல், வம்பு எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு துளி விளையாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கொடுமை' என்று சொன்னால் உடனே அடி, உதை, ரத்தம் என்று மனம் பெரிதாகப் போய்விடுகிறது. நடுவில் இருக்கிற ஒன்றுக்கு, அதாவது ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்ப, அவனால் திருப்பிக் கொடுக்க முடியாது என்று தெரிந்தே நோகடிப்பதற்கு, நாம் வகுப்பறையில் புழங்குகிற சொல் ஒன்றும் இல்லை. அதனால்தான் "சும்மா விளையாட்டுக்கு டீச்சர்" என்ற பதில் எப்போதும் எடுபடுகிறது. சொல்கிறவனும் பாதி நம்புகிறான், கேட்கிற நாமும் பாதி நம்புகிறோம். வேறு சொல் கிடைக்காததால், அந்த நடுப்பகுதியைத்தான் இனி 'கொடுமை' என்று எழுதுகிறேன்.

அந்த நடுப்பகுதிக்கு எல்லை போட்டவர் டான் ஓல்வேயஸ். சுவீடனில் பிறந்து நார்வேயில் வேலை செய்த உளவியலாளர். 1970-களிலிருந்தே இதை ஆராய்ந்து வந்தார். நோகடிக்கும் நோக்கம், அது திரும்பத் திரும்ப நடப்பது, இரு தரப்புக்கும் இடையே பலம் சமமாக இல்லாதது என்று அவர் சொன்ன மூன்று அடையாளங்களும் இன்றுவரை ஆய்வாளர்களின் அளவுகோலாக இருக்கின்றன. இந்த மூன்றில் மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சம பலமுள்ள இரண்டு பேர் சண்டை போட்டால் அது சண்டை. 'ர' வராத ஒருவனுக்கும் முப்பது பேருக்கும் நடுவில் நடப்பது சண்டையாக இருக்க வாய்ப்பே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை முறை இரண்டு பிள்ளைகளையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைத்திருக்கிறேன்! அந்தக் கையைக் கொடுக்கும்போது பலவீனமான பிள்ளை என்ன நினைத்திருக்கும் என்று இப்போது யோசித்தால் நெஞ்சு கனக்கிறது.

1982-ன் இறுதியில் நார்வேயின் வடபகுதியில் 10 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் தொடர்ந்த துன்புறுத்தலே காரணமாக இருக்கக்கூடும் என்று நாளிதழில் செய்தி வந்தது. நாடு அதிர்ந்தது. 1983-ல் கல்வி அமைச்சகம் நாடு முழுக்க ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பெர்கன் நகரில் 42 பள்ளிகளில் சுமார் 2,500 மாணவர்களை ஓல்வேயஸ் தொடர்ந்து கவனித்தார். இரண்டு ஆண்டுகளில் இத்தகைய கொடுமைகள் பாதிக்குப் பாதி குறைந்ததாகப் பதிவு செய்தார். எல்லா இடத்திலும் அவ்வளவு குறையவில்லை. 2019-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு நூறு மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தது. தடுப்புத் திட்டங்களால் கொடுமை செய்வது 19 முதல் 20 சதவீதமும், கொடுமைக்கு ஆளாவது 15 முதல் 16 சதவீதமும் குறைகிறது என்பது அதன் கணக்கு. சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஒரு பள்ளியில் நூறு பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருந்தால் அதில் பதினைந்து பேர் தப்பிக்கிறார்கள். எனக்கு அது பெரிய எண்.

இனி, என்னைத் தூங்கவிடாத ஆய்வுக்கு வருகிறேன். கனடாவின் டொரன்டோவில் டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-களில் பிள்ளைகளின் சட்டையில் சிறிய கம்பியில்லா மைக்கைப் பொருத்தி, தூரத்திலிருந்து வீடியோ எடுத்துப் பள்ளி மைதானத்தைக் கவனித்தார்கள். பெரும்பாலான சம்பவங்கள் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆசிரியர்கள் தலையிட்டது 4 சதவீதச் சம்பவங்களில் மட்டும்.

நான்கு. இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. "அந்தப் பள்ளிக்கூடம் அப்படி, நாங்கள் அப்படி இல்லை" என்று மனதுக்குள் வாதாடினேன். பிறகு என் மைதானத்தை நினைத்துப் பார்த்தேன். இடைவேளையில் நான் நிற்கிற இடம், கையில் திருத்த வேண்டிய நோட்டுகள், பேசிக்கொண்டிருக்கும் இன்னோர் ஆசிரியை. முப்பது நாற்பது விநாடியில் முடிந்துவிடுகிற ஒன்றை நான் எப்படிப் பார்த்திருப்பேன்? பார்த்தவற்றையும் பார்த்தேனா?

அங்கேதான் விஷயம் பார்வையிலிருந்து உணர்ச்சிக்கு நகர்கிறது. ஆசிரியர் கவனிக்காமல் போவதற்கு நேரமின்மை மட்டும் காரணம் இல்லை. எதைக் கண்டு நம் மனம் பதறுகிறதோ அதில்தான் தலையிடுகிறோம். பதறாதது கண்ணில் பட்டாலும் கருத்தில் படுவதில்லை. ஷெரி பாமன், ஏட்ரியன் டெல் ரியோ இருவரும் 2006-ல் ஆசிரியப் பயிற்சி மாணவர்களிடம் சில சம்பவங்களை எழுத்தில் கொடுத்துக் கேட்டார்கள். அடிப்பது, திட்டுவது, கூட்டத்திலிருந்து ஒதுக்குவது என்று மூன்று வகை. ஒதுக்குவதைத்தான் அவர்கள் ஆகக் குறைவாக மதிப்பிட்டார்கள். அதற்கு ஆளான பிள்ளையின் மேல் இரக்கமும் குறைவாகவே வந்தது, தலையிட வேண்டும் என்ற எண்ணமும் குறைவாகவே வந்தது.

ஒதுக்குவது எவ்வளவு வலிக்கும் என்பதற்கு கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஓர் எளிய விளையாட்டை உருவாக்கினார். கணினித் திரையில் மூன்று பேர் பந்தை எறிந்து பிடிக்கிறார்கள், அதில் ஒருவர் நீங்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அவ்வளவுதான். மனம் சோர்ந்துபோகிறது. மற்ற இருவரும் மனிதர்களே இல்லை, கணினிதான் ஆடுகிறது என்று முன்கூட்டியே சொன்ன பிறகும் சோர்ந்துபோகிறது. முகம் தெரியாத இயந்திரம் ஒதுக்கினாலே இப்படி என்றால், பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவள் ஒதுக்கினால்?

மேல் வகுப்புகளுக்கு நான் மெய்ப்பாடுகளை நடத்துவேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. நகை பிறப்பதற்குத் தொல்காப்பியம் நான்கு காரணங்களைச் சொல்கிறது, முதலாவது எள்ளல். அழுகைக்கும் நான்கு சொல்கிறது, முதலாவது இளிவு, அதாவது பிறரால் இகழப்பட்டுச் சிறுத்துப்போவது. இந்த இரண்டு வரிசைகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஒரே வகுப்பறையில் ஒரே நொடியில் முப்பது பேருக்கு முதல் வரிசையும் ஒருவனுக்கு இரண்டாவது வரிசையும் நடக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மெய்ப்பாடு என்றால் மெய்யில் படுவது. அன்றைக்கு என் மெய்யில் பட்டது நகை. அதை அவன் பார்த்துவிட்டான்.

பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தை வாசிக்கிறார்கள் என்பது அனுபவத்தில் நமக்குத் தெரியும். ஆய்விலும் அதை ஒட்டிய ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் ஆன் ஃப்ரென்ஸல் குழுவினர் கணித வகுப்புகளை ஆராய்ந்து 2009-ல் எழுதினார்கள். பாடம் நடத்துவதில் ஆசிரியருக்கு உண்டாகும் மகிழ்ச்சி அவருடைய உற்சாகத்தின் வழியாக மாணவர்களின் மகிழ்ச்சியாக மாறுகிறது என்று காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தது மகிழ்ச்சியை. மகிழ்ச்சி தொற்றும் என்றால் அலட்சியமும் தொற்றும் என்பது என் எண்ணம். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு வகுப்புக்கு ஓர் அனுமதிச் சீட்டாக ஆகிவிட்டது.

அப்படியானால் எப்போதும் சரியான முகத்தோடு நிற்க வேண்டியதுதானே? இங்கேதான் ஆசிரியர்களுக்காகவும் நான் பேச வேண்டியிருக்கிறது. ஆர்லி ஹாக்‌ஷீல்டு என்ற சமூகவியலாளர் 1983-ல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். சம்பளத்துக்காக உள்ளே இருக்கிற உணர்ச்சியை அடக்கி வெளியே வேறொன்றைக் காட்டுவதும் உழைப்புதான், அதற்கும் தேய்மானம் உண்டு. ஒரு நாளில் ஆறு வகுப்பு, ஒவ்வொன்றிலும் வேறு முகம். வீட்டில் என்ன நடந்திருந்தாலும் சரி. இந்தத் தேய்மானத்தின் கடைசிக் கட்டத்தை கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-ல் அளக்க முயன்றார். உணர்ச்சி வற்றிப்போவது, எதிரே இருக்கும் மனிதர்களை மனிதர்களாகப் பாவிக்க முடியாமல் மரத்துப்போவது, நாம் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது என்று மூன்று கூறுகளைச் சொன்னார். நடுவில் இருக்கும் அந்த மரத்துப்போவது என்னை உலுக்கியது. "இந்தப் பிள்ளைங்க இப்படித்தான்" என்று ஓர் ஆசிரியர் சொல்லும்போது அது அனுபவத்தின் பேச்சாக நமக்குக் கேட்கும். பல நேரம் அது களைப்பின் பேச்சு. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பையனுக்கு வகுப்பில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் ஒன்றை முதலில் சொன்னது நான்தான். தாமதமாக வந்ததற்காக ஒரு நாள் வாய் தவறிச் சொன்னது. அவன் பள்ளியை முடிக்கும் வரை அந்தப் பெயர் அவனை விடவில்லை.

அப்புறம் பிள்ளைகள் கைக்குப் போன் வந்தது.

நான் வகுப்பாசிரியையாக இருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஒரு மாணவியை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிறகு அவள் தூங்கி விழும்போது யாரோ எடுத்த படத்தை ஸ்டிக்கராக மாற்றி, யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு அதைப் போடுவதை ஒரு பழக்கமாக்கிக்கொண்டார்கள். அவள் குரூப்பில் இல்லை, ஆனால் ஒரு நாளைக்கு நூறு தடவை அங்கே வந்துகொண்டிருந்தாள். இன்னொரு மாணவி அதைக் காட்டிவிட, நீக்கப்பட்டவளின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். அழவில்லை. "நைட்டு போனை வெளியில வெச்சிட்டுத் தூங்குன்னா கேக்க மாட்டேங்குறா டீச்சர். குரூப்ல இல்லாதபோதும் அங்க என்ன பேசுறாங்கன்னு தெரிஞ்சே ஆகணும்னு முழிச்சிட்டே இருக்கா" என்றார்.

இணையத்தில் நடப்பதை ஓல்வேயஸின் அளவுகோலால் அளப்பது சிக்கல் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாக விவாதிக்கிறார்கள். திரும்பத் திரும்ப நடக்க வேண்டும் என்பது ஓர் அடையாளம். ஒரே ஒரு படத்தை ஒருவன் ஒரே ஒரு முறை போட்டு, அதை நூறு பேர் அனுப்பினால் அது ஒரு முறையா, நூறு முறையா? அந்த ஸ்டிக்கரைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் போனில் நடப்பது தனி உலகம் என்று நினைப்பதும் தவறு. கேத்ரின் மொடெக்கி குழுவினர் 2014-ல் 80 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நேரடிக் கொடுமையில் சராசரியாக 35 சதவீத இளையோரும் இணையக் கொடுமையில் 15 சதவீதம் பேரும் சம்பந்தப்பட்டிருந்தார்கள். இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பும் இருந்தது. அந்தப் படம் எடுக்கப்பட்டது என் பாடவேளையில்தான். பின்னணியில் கரும்பலகையில் என் கையெழுத்து தெரிந்தது.

அன்று நான் செய்ததுதான் ஆகப்பெரிய தப்பு. கோபம் தலைக்கேறி நேராக வகுப்புக்குப் போனேன். "யாரு செஞ்சது? எழுந்திரு!" என்று இருபது நிமிடம் கத்தினேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கோபத்தில் அவளுக்கான இரக்கம் பாதி. மீதிப் பாதி பயம். இதை யாராவது வெளியே அனுப்பினால், பெற்றோர் சண்டைக்கு வந்தால், நான் கத்துவதையே ஒருவன் பதிவு செய்தால் என்ற பயம். அவள் மேசையில் கவிழ்ந்து படுத்திருந்தாள். நான் ஒவ்வொரு முறை கத்தியபோதும் நாற்பது தலைகள் அவள் பக்கம் திரும்பின. மறுநாள் புது ஸ்டிக்கர் வந்திருந்தது. அவள் படத்தோடு என் படமும். கீழே "டீச்சர் செல்லம்".

கோபம் நல்ல உணர்ச்சி, அது இல்லாத ஆசிரியரை நான் நம்ப மாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தைக் கொண்டு எங்கே போகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி 1996-லேயே ஒன்றைக் காட்டியிருந்தார். கொடுமை என்பது இரண்டு பேர் விவகாரம் இல்லை. செய்பவர், ஆளாகிறவர் தவிர, கூடச் சேர்கிறவர், சிரித்து ஊக்குவிக்கிறவர், ஒதுங்கி நிற்கிறவர், பாதுகாக்கிறவர் என்று வகுப்பில் எல்லோருக்கும் ஒரு வேடம் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் நடுவில் இருப்பவர்கள். நான் நாற்பது பேரையும் சேர்த்துத் திட்டியதில் அந்த நடுவில் இருந்தவர்கள் எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளிவிட்டேன்.

நடுவில் இருப்பவர்களிடம் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு மறுபடியும் டொரன்டோ மைதானம்தான் சாட்சி. 2001-ல் வெளிவந்த ஆய்வில், 88 சதவீதச் சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். தலையிட்டது 19 சதவீதத்தில். அப்படித் தலையிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவை, 57 சதவீதம், பத்தே விநாடிக்குள் கொடுமை நின்றது. ஓர் ஆசிரியரின் இருபது நிமிடக் கத்தலுக்கு முடியாததை ஒரு பிள்ளையின் "விடுடா அவனை" செய்துவிடுகிறது.

சல்மிவல்லியின் குழு இதை வைத்து உருவாக்கிய திட்டத்தின் பெயர் கிவா. பின்னிஷ் மொழியில் 'நல்லது', 'இனியது' என்று பொருள் வரும். 2009-லிருந்து பின்லாந்துப் பள்ளிகளில் பரவலாக நடைமுறைக்கு வந்தது. அதில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். பள்ளியில் மூன்று பெரியவர்கள் கொண்ட குழு இருக்கும். முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேசுவார்கள். பிறகு செய்தவர்களிடம் ஒவ்வொருவராக, வகுப்புக்கு வெளியே. வகுப்பில் மதிப்புள்ள, இரக்கமுள்ள இரண்டு மூன்று பிள்ளைகளை வகுப்பாசிரியர் தனியாக அழைத்து, பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணையாக இருக்கச் சொல்வார். ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அந்தக் கடைசிப் படியைத்தான் நான் ஒருபோதும் செய்ததில்லை. என் கணக்கில், திட்டியதோடு வழக்கு முடிந்துவிடும்.

இதே குழுவினர் கவனித்துச் சொன்ன இன்னொன்று மனதை அறுக்கிறது. ஒரு வகுப்பில் கொடுமை மொத்தமாகக் குறையும்போது, அதற்குப் பிறகும் ஆளாகிக்கொண்டிருக்கும் ஓரிரு பிள்ளைகளின் நிலை முன்னைவிட மோசமாகலாம். முன்பு "எல்லோருக்கும் நடக்குது" என்று ஆறுதல் இருந்தது. இப்போது "எனக்கு மட்டும்தான், அப்படியென்றால் தப்பு என்னிடம்தான்" என்று ஆகிவிடுகிறது. எண் குறைந்ததைக் கொண்டாடும் கூட்டத்தில் இந்தப் பிள்ளையைப் பற்றி யாராவது கேட்க வேண்டும்.

பிரிட்டனில் 1958-ல் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளை இன்றுவரை பின்தொடரும் ஓர் ஆய்வு இருக்கிறது. 7, 11 வயதுகளில் கொடுமைக்கு ஆளானார்களா என்று பெற்றோரிடம் கேட்டுப் பதிவு செய்திருந்தார்கள். 45, 50 வயதுகளில் அவர்களைப் பார்த்தபோது, அடிக்கடி ஆளானவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன, உடல்நலமும் உறவுகளும் மெலிந்திருந்தன. இதை 2014-ல் வெளியிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்தும்! என் எட்டாம் வகுப்புப் பையனுக்கு இப்போது 24 வயது இருக்கும். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. எங்காவது மேடையில் நின்று பேசும்படி வந்தால் தொண்டை கட்டியிருக்கிறது என்கிறானா என்றும் தெரியாது.

ஸ்டிக்கர் விஷயத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். உடன் வேலை செய்யும் இருவரைச் சேர்த்துக்கொண்டேன், தனியாகச் செய்தால் என் பயம் மறுபடியும் என்னைக் கத்த வைக்கும் என்று தெரிந்ததால். முதலில் அவளிடம் பேசினோம். வகுப்பில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் ரொம்ப நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரவால்ல டீச்சர்" என்றாள். பிறகு ஒவ்வொருவராக அழைத்துப் பேசினோம். பெரும்பாலோர் மறுத்தார்கள். ஒருவன் மட்டும், "எனக்கும் பிடிக்கல டீச்சர். போடலன்னா என்னையும் தூக்கிடுவாங்க" என்றான். எல்லோரும் விரும்புகிற இரண்டு மாணவிகளைக் கூப்பிட்டுப் பேசியதில், ஒருத்தி அன்று மதியமே இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். இன்னொருத்தி செய்யவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டுக் கேட்டேன். "இப்ப போடுறதில்ல" என்றாள். அந்தக் குரலில் எனக்குத் திருப்தி வரவில்லை. நடப்பது நின்றுவிட்டதா, என்னிடம் சொல்வது நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. வெறுமனே தலையை ஆட்டி அனுப்பிவிடாமல், "நைட்டு தூக்கம் வருதா?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"முன்னைக்கு இப்ப கொஞ்சம் வருது" என்றாள்.

வரும் வியாழக்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறேன்.